சங்கத்துப் பிள்ளைகளில் ஒருத்தி

எங்கள் சங்கத்துக்குப் போர்டு கிடையாது. தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, கும்மிடிப்பூண்டி மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுக் கட்டடத்தில் கூடுவோம். கூடுகிற எல்லார் வீட்டிலும் ஒரே சாயலில் ஒரு பிள்ளை இருக்கும். சின்னக் கண்கள், தட்டை மூக்கு, குட்டையான விரல்கள். சங்கத்தில் சேர அது ஒன்றுதான் தகுதி.

என் வீட்டில் குணாளன். சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிற தானியேல் வீட்டில் சாலமோன். எழும்பூர் ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயரைத்தான் சொல்லி அனுப்பினார்கள், டவுன் சிண்ட்ரோம் என்று. எப்போது குணமாகும் என்று நான் கேட்டேன். இது நோய் இல்லை, பிறவி என்றார் டாக்டர். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபம் அடங்கப் பல வருஷம் ஆயிற்று. அவர் உண்மையைத்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறவர்கள் மேல்தானே நமக்குக் கோபம் வரும்.

எனக்குப் பொதுவாகவே கோபம் அதிகம். ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கத்திலேயே நின்று நின்று சூடு தலைக்கு ஏறிவிட்டது என்பாள் என் மனைவி கனகாம்பாள். மில்லைக் குறை சொல்வானேன், நான் பிறந்ததே அப்படித்தான். சங்கம் என்று அவள் முதலில் கிளம்பியபோதுகூட, “கூட்டமா உக்காந்து அழுவறதுக்கு ஒரு சங்கமா” என்று கத்தினேன். பிறகு ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போனவன், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரும் அழவில்லை. பீவி ஜான் என்கிற பொன்னேரி அம்மா என் மகனுக்குச் சட்டைப் பித்தான் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினான்கு வயதுவரை எங்களிடம் சட்டையைக் கழற்றி எறிந்துகொண்டிருந்த பயல், அந்த அம்மாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பித்தானாக மாட்டினான். மாட்டி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டிக்கொண்டான்.

அதுதான் எங்கள் சங்கத்தின் வேலை முறை. பெற்றவளிடம் அடம் பிடிக்கிற பிள்ளை அடுத்தவளிடம் சொன்னபடி கேட்கும். அதனால் பிள்ளைகளை மாற்றிக்கொள்வோம். உன் பிள்ளைக்குப் பல் துலக்க நான் சொல்லித்தருகிறேன், என் பிள்ளைக்குச் செருப்பு மாட்ட நீ சொல்லிக்கொடு. ஒரு வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டாகப் பழக்கி, சரியாகச் செய்தால் கை தட்டுவது. கொஞ்ச நாளில் ஒருவர் வீட்டுப் பிள்ளை இன்னொருவர் வீட்டில் தங்கவும் ஆரம்பித்தது. நமக்குப் பிறகு பிள்ளை எங்கே போகும் என்ற கேள்வி எங்கள் எல்லார் தொண்டையிலும் முள்ளாக நின்றது. வேறு வீட்டில் சாப்பிட்டு, வேறு பாயில் படுத்துப் பழகட்டும் என்று நினைத்தோம்.

பீவி ஜான் குடும்பம் பழவேற்காட்டிலிருந்து வந்து பொன்னேரியில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்காரர் அசன் முகைதீன் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். இரண்டு பெண்கள். மூத்தவள் முபீனா, எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி. இளையவள் அஃப்ஸானா, காலேஜ் முடித்தவள். முபீனா மகா சுத்தக்காரி. தட்டோரம் குழம்பு சிந்தினால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கவளம் எடுப்பாள். என் வீட்டில் தங்கும் நாட்களில் வியர்வை நாறும் என் மில் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “மாமா, கப்பு” என்று கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் போடுவாள். என் சட்டையை அப்படிச் செய்ய இந்த ஊரில் வேறு யாருக்கும் தைரியம் கிடையாது.

அஃப்ஸானாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் வம்பு வந்தது. முதலில் பார்க்க வந்தவர்கள், தேநீர்த் தட்டுக்குப் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த முபீனாவைப் பார்த்துவிட்டு, “இது வம்சத்துல வர்றதா” என்று கேட்டார்கள். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஆள் வரவில்லை. இரண்டாவதாக வந்தவர்கள் எதுவுமே கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போய், தரகர் மூலமாக வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த வாரச் சனிக்கிழமை பீவி ஜான் சங்கத்தில் உட்கார்ந்து அழுதார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கனகாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. “அடுத்த தபா ஆளுங்க வர்ற அன்னிக்கு முபிய எங்க ஊட்ல உட்டுடுங்க பீவிம்மா. அவளுக்கும் விருந்தாடி வந்த மாதிரி இருக்கும்” என்றாள்.

எல்லாருக்கும் அது உதவியாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வேறொருவர் வீட்டில் விருந்தாளி.

முதல் தடவை முபீனா வரமாட்டேன் என்று பொன்னேரி ஸ்டேஷனில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். சரி, பழக்குவோம் என்றாள் கனகா. பித்தான் போடப் பழக்கிய அதே முறைதான். செருப்பு மாட்டு, கை தட்டல். பையை எடு, கை தட்டல். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார், கவரப்பேட்டை தாண்டினால் கடைசி ஸ்டேஷனில் இறங்கு, கை தட்டல். “ஆளுங்க வந்தா நாம எங்க போவோம்?” என்று கனகா கேட்பாள். “கனகம்மா ஊட்டுக்கு” என்பாள் முபீனா. எங்கள் சங்கத்தில் எந்தப் பிள்ளையும் எதையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை. மண்ணடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற குடும்பம் பெண் பார்க்க வந்தபோதும், பேசி முடிக்க வந்தபோதும், நிச்சயத்தின்போதும் முபீனா என் வீட்டில் உட்கார்ந்து குணாளனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை பெயர் யாசர். நல்ல பையன் என்றார்கள். அஃப்ஸானாவுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் ஒரே பெண் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், இவர்கள் அதைத் திருத்தவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு என்ன செய்வது? பெற்ற மகளைத் தங்கை கல்யாணத்தன்றுகூட வெளியே அனுப்ப பீவி ஜானுக்கு மனம் வரவில்லை. அனுப்பாமல் இருக்கவும் பயம்.

யோசனை சொன்னது தானியேல். “சங்கத்துல எல்லாருமே புள்ளைங்கள இட்டுக்கினு போவோம். இத்தினி புள்ளைங்களுக்கு நடுவுல அவளும் ஒருத்தியா இருப்பா. யாருக்கு இன்னா தெரியப்போவுது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சொல்லிட்டு செய்யுங்கய்யா. இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி தெரியத்தானே போவுது” என்று அசன் முகைதீனிடம் சத்தம் போட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. “சொன்னா கல்யாணம் நடக்காது அண்ணே. உங்களுக்கு ஒரே புள்ள. எனக்கு ரெண்டு” என்றார்.

குணாளனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். 

கல்யாணம் இரண்டாயிரத்து ஆறில், ஆடி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரி மண்டபத்தில். தானியேல் வேனில் எல்லாரும் போய் இறங்கினோம். பிள்ளைகளுக்கெல்லாம் புதுத் துணி. முபீனா ரோஜா நிறச் சுடிதாரில் ஜரிகைத் துப்பட்டா போட்டு, இரண்டு கையிலும் மருதாணியோடு எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே கையால் வைத்த மருதாணி. என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவளைப் பெண்கள் பகுதியில் எங்கள் சங்கத்துப் பெண் பிள்ளைகளோடு சேர்த்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள் கனகா.  அந்த வரிசையைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மண்ணடியிலிருந்து பஸ் வந்தது. தட்டுகளும் மாலைகளுமாக இறங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, கண்ணாடி போட்ட கனிவான மனிதர், எல்லாரிடமும் கைகொடுத்துப் பேசிக்கொண்டே வந்தார். என்னோடு நின்ற குணாளனையும் சாலமோனையும் பார்த்தார். உள்ளே எட்டி அந்தக் கடைசி வரிசையையும் பார்த்தார். இரண்டு பையன்கள் தலையிலும் கை வைத்து ஏதோ ஓதிவிட்டு, “எந்த ஹோம்லேர்ந்து கூட்டிட்டு வந்திருக்கீங்க? கல்யாணத்துல இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு வேளை சோறு போடணும்னு நினைச்சாங்களே, பெரிய மனசு” என்றார்.

ஹோம். என் மகனுக்குச் சோறு போட நான் இருக்கிறேன். வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் வந்த கனகா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டேன். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை தானே போட்டுக்கொண்டு நின்ற என் மகன் அந்த மனிதருக்கு ஒரு சலாம் வைத்தான்.

நிக்காஹ் நேரம் வந்தது. மேடையில் மாப்பிள்ளையும் நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத்தும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். பெண்ணின் தாய்மாமன் முஜீப்தான் வக்கீல், அதாவது பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வந்து சொல்கிறவர். அவரும் இரண்டு சாட்சிகளும் பெண் இருக்கும் அறைக்குப் போனார்கள். ஒரு சாட்சி பெண் வீட்டுக்காரர். இன்னொருவர் அந்தக் கண்ணாடிச் சித்தப்பா. பெண் சரி என்று வாயால் சொன்னால்தான் மேற்கொண்டு நடக்கும்.

போனவர்கள் திரும்பவில்லை. மேடையில் பேச்சு குறைந்தது. அறை வாசலில் கூட்டம் கூடியது. கனகா என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள். 

“முபிய காணோங்க” என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய சந்தடியில் அவள் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. குழாயடி, சமையல் கட்டு, மாடி என்று பெண்கள் குசுகுசுவென்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், குசுகுசுவென்று. வாய்விட்டுக் கூப்பிட்டால் யார் அவள் என்று கேள்வி வரும். மேடையில் மைக் இருந்தது. அதில் ஒரு வார்த்தை சொன்னால் மண்டபமே தேடும். அசன் முகைதீன் அந்த மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பீவி ஜான் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணைத் தேடினால் இன்னொரு பெண்ணின் வாழ்வு போய்விடும் என்று அந்த இருவரும் நின்ற நிலையை என் பகையாளிக்கும் நான் விரும்பமாட்டேன்.

அறைக்குள்ளே முஜீப் இரண்டாம் தடவை கேட்டார். “சம்மதமா அஃப்ஸானா, சொல்லும்மா.”

“எங்க அக்கா வரட்டும் மாமா. அப்புறம் சொல்றேன்” என்றாள் அஃப்ஸானா. தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

“எந்த அக்கா?” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

பீவி ஜான் பக்கம் எல்லார் முகமும் திரும்பியது.  அஃப்ஸானாதான் சொன்னாள்.

“என் கூடப் பொறந்த அக்கா. காலைல நீங்க ஹோம் புள்ளைங்கன்னு நெனச்சீங்களாமே, அதுல ஒருத்தி. இப்ப காணோம். அவ எங்கன்னு தெரியாம நான் எதுக்கும் சம்மதம்னு சொல்லமாட்டேன்.”

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எங்கள என்னன்னு நெனச்சீங்க” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று இரண்டு மூன்று பேர் குரல் கொடுத்தார்கள். தானியேல் நடுவில் புகுந்து சமாதானம் பேசப் போய்த் திட்டு வாங்கினார். மாப்பிள்ளை மாலையோடு எழுந்து வந்து, “முதல்ல அவங்கள தேடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

இந்த இரைச்சலில் யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்கள். குணாளன்.

“நைனா. முபி ஊட்டுக்குப் போச்சு.”

“எந்த ஊட்டுக்குடா?”

“நம்ம ஊட்டுக்கு. ஆளுங்க வந்துட்டாங்கன்னு சொல்லிச்சு.”

கனகா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லிக் கொடுத்த பாடம் அல்லவா. எங்கள் வீடோ பூட்டிக் கிடந்தது. நாங்கள் எல்லாரும் இங்கே இருந்தோம். முபீனா தனியாக ரயில் ஏறியதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரயில் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. தண்டவாளத்தைக் கடந்து போனாளா, எந்தப் பக்கத்து ரயிலில் ஏறினாள், ஒன்றும் தெரியாது.

தானியேல் வேனை எடுத்தார். நானும் குணாளனும் ஏறினோம். பொன்னேரி ஸ்டேஷனில் கேட்டோம். ரோஜாக் கலர் துணி போட்ட ஒரு பெண் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறியதைப் பூக்காரப் பெண் ஒருத்தி பார்த்திருந்தாள். அவள் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.  தச்சூர் கூட்டு ரோட்டில் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. என் வாயில் வந்த வார்த்தைகளை மகனுக்கு எதிரில் சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் தெரு முனையில் திரும்பியபோதே தெரிந்தது. பூட்டிய கதவுக்கு எதிரில், வாசல் படியில் முபீனா உட்கார்ந்திருந்தாள். ஜரிகைத் துப்பட்டா அழுக்காகிவிடும் என்று மடித்து மடியில் வைத்திருந்தாள். முகமெல்லாம் வெயில். ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“மாமா, நானே வந்துட்டேன். தனியா வந்துட்டேன்.”

சொல்லிவிட்டு என் கைகளையே பார்த்தாள். கை தட்டுவேன் என்று காத்திருந்தாள். எத்தனையோ நாள் அவளுக்காகத் தட்டிய கைதான். அன்றைக்கு அது எழவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஃபர்னஸ் வெடித்து ஆள் செத்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. குணாளன் மட்டும் தட்டினான்.

கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன். “வாம்மா முபி, கல்யாணத்துக்குப் போவலாம். அஃப்ஸானா உன்னத்தான் கேட்டுக்கினு இருக்கா” என்றேன்.

“ஆளுங்க போயிட்டாங்களா?”

“இல்ல. இருக்காங்க.”

“அப்ப நான் வரமாட்டேன்.”

கெஞ்சினேன். அதட்டினேன். பிரியாணி என்றேன். தானியேல் கையைப் பிடித்துக் கூப்பிட்டார். குணாளன் அவள் துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுவிட்டான். அவள் எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அடம் இல்லை. நாங்கள்தான் பாடத்தை மறந்துவிட்டோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. “ஆளுங்க இருந்தா முபி இருக்கக் கூடாது மாமா” என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

கனகாவுக்குப் போன் போட்டேன். முபி கிடைத்துவிட்டாள், ஆனால் வரமாட்டேன் என்கிறாள், காரணம் இதுதான் என்றேன்.  அந்தப் பக்கம் வேறு குரல் கேட்டது. போனை அஃப்ஸானா வாங்கியிருந்தாள்.

“அவள அங்கயே வச்சிருங்க அங்கிள். நான் வரேன்” என்றாள்.

கல்யாணப் பெண் நிக்காஹ் நடக்குமுன் மண்டபத்தை விட்டுக் கிளம்புவதாவது என்று அங்கே எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம். அவள் கேட்கவில்லை. சம்மதத்தை மண்டபத்தில்தான் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பெண் இருக்கிற இடத்தில் போய்க் கேட்கலாம் என்று ஹஜ்ரத் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. யாசரும் போய்க் கேட்டு வாருங்கள் என்றானாம். ஒரு காரில் அஃப்ஸானா, பீவி ஜான், கனகா. பின்னால் இன்னொன்றில் முஜீபும் சாட்சிகள் இருவரும். மாப்பிள்ளையின் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கனகா சொன்னாள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு கோலத்தில் யாரும் வந்து இறங்கியதில்லை. சிவப்புப் பட்டும் கழுத்து நிறைய மல்லிகையுமாக அஃப்ஸானா இறங்கினாள். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர்கள் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். முபீனா ஜன்னல் வழியாகத் தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் இரண்டாவது காரிலிருந்து அந்தக் கண்ணாடி மனிதர் இறங்கினார். முபீனாவின் சிரிப்பு நின்றது. உள் அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள்.

எங்கள் வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு அறை, சமையல் கட்டு. கூடத்தில் நாங்கள் எல்லாரும் நின்றோம். அஃப்ஸானா அந்தப் பட்டோடு அறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் அஃப்ஸானா. தொற.”

“ஆளுங்க இருக்காங்க.”

“இருந்தா இருக்கட்டும்.”

“உனுக்குக் கல்யாணம் ஆவாது.” உள்ளிருந்து வந்த குரலில் கோபம் இல்லை. அக்கறைதான் இருந்தது.

இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். விருந்து என்றோம், டிவி என்றோம். அவளுக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில் அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசினோம். அவள் எதற்காகப் போகிறாள் என்று தெரிந்தே போயிருக்கிறாள். இன்றைக்கு வெயிலில் ஒரு செருப்போடு வந்து உட்கார்ந்ததும் தங்கைக்காகத்தான். கனகா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அஃப்ஸானா கதவில் தலையைச் சாய்த்திருந்தாள். முஜீப் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா, காலையிலிருந்து எல்லாரிடமும் வாய் ஓயாமல் பேசிய மனிதர், செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றார். “நான் வேணா வெளில நிக்கவா” என்று மெதுவாகக் கேட்டார்.

“வேணாம், இருங்க” என்றார் பீவி ஜான். மண்டபத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது என்று கனகா பிறகு சொன்னாள்.

அவர் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். கதவில் உள்ளங்கையை வைத்தார். “முபி, உம்மா பேசறேன். ஆளுங்க வந்தா போவணும்னு சொன்னது நான்தான். அது தப்பு. இனிமே நீ எங்கயும் போவ வேணாம். தொறம்மா.”

 பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. முபீனா துப்பட்டாவைத் தலையில் ஒழுங்காகப் போட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். அவர்களைத் தாண்டி, கூடத்தின் மறு பக்கம் நின்ற அந்தச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவரிடம்தான் கேட்டாள்.

“நான் இருக்கலாமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பீவி ஜான் மூத்த மகளின் கையைப் பிடித்து அவருக்கு நேர் எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார். எத்தனையோ விருந்தாளிகள் வந்து போன வீட்டுக்காரி அவர். இப்படி ஒரு காரியத்தை அதுவரை செய்ததில்லை.

“இவ பேரு முபீனா. என் மூத்த பொண்ணு. அஃப்ஸானாவுக்கு அக்கா” என்றார்.

அந்த மனிதர் சலாம் சொன்னார். முபீனாவும் சொன்னாள். கனகா பாய் விரித்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். முஜீப் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளையின் பெயரையும் அவன் தகப்பன் பெயரையும் அவன் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் முறையாகச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். அஃப்ஸானா அக்காவின் மருதாணிக் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சம்மதம் என்றாள். முபீனா தங்கையைப் பார்க்கவில்லை. தன் பெயரைச் சொன்ன தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.